கைதட்டக் கூடாத நாற்காலி

ஒரு கடிதத்தை நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? லைல் ஹக்கபிக்கு ஐந்து நிமிடம் ஆனது. அதில் நாலு நிமிடம் மூக்குக் கண்ணாடியைத் தேடியதில் போயிற்று. அது அகப்படாமல், மனைவியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தவறான கடிதத்தை அனுப்பியது மிச்சமிருந்த ஒரு நிமிடம்.

அனுப்பிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு காப்பியை ஊற்றிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பது. ஆறு நாற்பத்தாறுக்கு முதல் போன் வந்தது.

"என்ன லைல், உன் பையன் போறானாமே. ஒரு வார்த்தை சொல்லலையே," என்றார் டயர் கடைக்காரர்.

"யாரு சொன்னா?"

"நீதான்."

லைல் காப்பியை வைத்துவிட்டுக் கணினியைப் போய்ப் பார்த்தார்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் ஹார்ட்சல் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் ஆதரவாளர் மன்றத்துக்கு, வரப்போகும் சீசன் எப்படி இருக்கும் என்று ஒரு கடிதம் எழுதுவது லைலின் இருபத்திரண்டு வருட வழக்கம். ஓக்லி மாதிரி ஓர் இந்தியானா ஊரில் அந்தக் கடிதத்தைப் படிக்காமல் யாரும் காலையில் முட்டையைக்கூட உடைக்க மாட்டார்கள். இந்த வருடம் மற்ற இடங்களைப் பற்றியெல்லாம் மளமளவென்று எழுதிவிட்டார். பாயின்ட் கார்டு என்ற தலைப்புக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

பந்தைக் கொண்டுபோய், ஆட்டத்தை நடத்தி, யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கிறவன் பாயின்ட் கார்டு. இரண்டு வருடமாக அந்த இடத்தில் மாற்று ஆளாக இருந்த இருபது வயது எமெட்டுக்கு இனி அது நிரந்தரமாகிவிடும் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. எமெட், லைலின் ஒரே மகன்.

ஆனால் சென்ற வாரம், துவைக்கப் போடுவதற்காக எமெட்டின் விளையாட்டுப் பையைக் கவிழ்த்த லைலின் மனைவி நடீன் அதற்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளைப் பார்த்தாள். வேறு கல்லூரிக்குப் போக விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கிற படிவம் அது. எமெட்டின் கையெழுத்து இருந்தது. தேதி மட்டும் போடவில்லை. மடிப்புக் கலையாமல் அதை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, புருஷனிடம் மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் மகனிடம் மழை வருமா வராதா என்பதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

படிவத்தைக் கொடுக்க இன்று கடைசி நாள். கல்லூரி விளையாட்டு அலுவலகம் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடும்.

எனவே லைல் கெட்டிக்காரத்தனமாக இரண்டு கடிதங்கள் எழுதி வைத்திருந்தார். ஒன்றின் பெயர் 'இருந்தால்'. இன்னொன்றின் பெயர் 'போனால்'. 'இருந்தால்' கடிதத்தை இன்று அதிகாலையிலேயே அனுப்பிவிட்டால், ஊர் முழுக்க வாழ்த்துச் சொல்லி, பையனுக்குக் கிளம்ப மனம் வராது என்பது அவர் போட்ட திட்டம். ஊருக்குப் போய்ச் சேர்ந்தது 'போனால்'.

அதில் இப்படி இருந்தது: 'பாயின்ட் கார்டு: எமெட் ஹக்கபி விடைபெறுவதால் விழும் பள்ளம் பெரிய பள்ளமல்ல. வெளியூரில் தெளிவாக ஆடிய இவர், சொந்த அரங்கில் தடுமாறினார் என்பதைப் புள்ளிவிவரங்களே சொல்லும்.'

பெற்ற பிள்ளையைத் தூக்கி வைத்து எழுதுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, அந்த இரண்டு வாக்கியங்களையும் மூன்று நாள் செதுக்கிக் கடுமையாக்கியிருந்தார். உழைப்பு வீண்போகவில்லை.

நடீன் ஈரக் கையோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என் கண்ணாடியை எடுத்தியா?"

"கொஞ்ச நேரம்."

"எதுக்கு?"

"நம்ம பையனை ஊரை விட்டு அனுப்பறதுக்கு."

அவள் வந்து கண்ணாடியை அவர் மூக்கிலிருந்து கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு படித்தாள். அவள் பள்ளிக்கூட நர்ஸ்; பிள்ளைகளின் காய்ச்சலைப் பார்க்கிற அதே முகம்.

"'பெரிய பள்ளமல்ல'ன்னு எழுதியிருக்க."

"நடைக்காக எழுதினது."

"நல்ல நடை. எங்க கொண்டுபோய் விட்டிருக்கு பாரு."

"எமெட் எங்க?"

"வெளில."

"வெளிலன்னா?"

"உள்ள இல்ல, லைல்."

இந்த வீட்டில் நேரான பதில் என்பது விருந்தாளி மாதிரி, வந்தால்தான் உண்டு. தொட்டித் தண்ணீரில் உப்புப் போட்டு நடீன் ஊற வைத்திருந்த காட்டுக் காளான்களே சாட்சி. ஏப்ரல் மாதத்தில் ஓக்லிக்காரர்கள் காட்டுக்குள் போய்க் காளான் பறிப்பார்கள். பறித்த இடத்தைச் செத்தாலும் சொல்ல மாட்டார்கள். கல்யாணமாகி இருபத்தேழு வருடம். லைல் இருபத்தேழு தடவை கேட்டுவிட்டார். இருபத்தேழு தடவையும் அவள் சொன்ன பதில், "காட்டுல."

"மதியம் அந்தப் பையன் சாப்பிட வரான். ஞாபகம் இருக்கில்ல?" என்றாள்.

லைல் அதை மறக்க நிறையப் பாடுபட்டிருந்தார். அணியில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கல்லூரி ஒரு புதுப் பையனை வரவழைத்தால், ஊர்க் குடும்பங்கள் முறை வைத்துச் சோறு போடுவது வழக்கம். யாருக்கு எந்தத் தேதி என்று ஜனவரியிலேயே எழுதி ஒட்டிவிடுவார்கள். ஏப்ரலின் இந்தச் செவ்வாய்க்கிழமை ஹக்கபி வீட்டு முறை. வருகிறவன் டெக்ஸஸிலிருந்து வருகிறான். ஆடுகிற இடம்: பாயின்ட் கார்டு.

"வேற வீட்டுக்கு மாத்திவிடக் கூடாதா?"

"என்னன்னு சொல்றது? எங்க பையன் இடத்தைப் பிடிக்க வரவனுக்கு எங்க வீட்டுல உப்பு இல்லைன்னா?" நடீன் காளானைத் திருப்பிப் போட்டாள். "அந்தப் பிள்ளை பாவம். ராத்திரியெல்லாம் பஸ்ல வந்திருக்கு."

ஒன்பது மணிக்கு லைல் வேலைக்குப் போனார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஓக்லியில் நாற்பத்தைந்து வயதுக்குக் கீழே யார் எந்த வேலியில் மோதினாலும் அதில் லைலுக்கு ஒரு பங்கு உண்டு. அவருடைய காரில் பக்கத்து இருக்கைக்கு அடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மற்றவர்கள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து மிதிப்பதே அவர் தொழில்.

அன்று காலை மூன்று மாணவர்கள். மூன்று பேரும் ஒழுங்காகத்தான் ஓட்டினார்கள். லைல் பதினேழு தடவை பிரேக்கை மிதித்தார்.

"மிஸ்டர் ஹக்கபி, முன்னாடி ஒன்னுமே இல்லையே," என்றாள் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி.

"வரலாம்."

"எங்க அப்பா லெட்டரைப் படிச்சாரு. எமெட் உங்ககூடச் சண்டையான்னு கேட்டாரு."

லைல் பதினெட்டாவது தடவை மிதித்தார்.

எமெட்டுக்கு நாலு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. 'தப்பான கடிதம் போய்விட்டது. நீ போகிறாயா, இல்லையா?' என்று செய்தி அனுப்பினார். பதில் வந்தது: 'சாப்பாட்டுக்கு வரேன்.' அது ஆமாமா இல்லையா என்று இரண்டு சிக்னல் தாண்டும்வரை யோசித்தார். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

பன்னிரண்டே காலுக்குக் கல்லூரி வண்டி ஒரு பையனை வாசலில் இறக்கிவிட்டுப் போயிற்று. கார்னெல் என்று பெயர். ஆறடி. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கால்மிதியில் மூன்று தடவை காலைத் துடைத்தான். வெறுக்கலாம் என்று தயாராக இருந்த லைலுக்கு அதிலேயே பாதி வெறுப்பு போய்விட்டது. மீதி, அவன் சாப்பிட்டதைப் பார்த்ததும் போயிற்று.

"இது என்ன மீன் மேடம்?"

"மீன் இல்லப்பா, காளான். முட்டையில தோய்ச்சு பிஸ்கட் தூள்ல பொரட்டிப் பொரிச்சது."

"எங்க கிடைக்கும்?"

"காட்டுல," என்றார்கள் நடீனும் லைலும் ஒரே குரலில்.

மூன்றாவது தட்டில் அவனுக்குப் பேச்சு வந்தது. "கோச் எங்கிட்ட ஒளிக்காமச் சொன்னாரு சார். இங்க ஏற்கெனவே ஒரு பையன் இருக்கானாம். நல்ல ஆட்டம். வெளியூர் போனா பிச்சு உதறுவானாம். சொந்த ஊர்ல, தெரிஞ்ச முகமெல்லாம் சுத்தி உட்கார்ந்தா கை நடுங்கிடுமாம். அதான் என்னைக் கூப்பிட்டிருக்காரு. பாவம்ல?"

நடீன் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை நடுங்குதுன்னு கோச் எப்படிச் சொல்றாரு?" என்றார் லைல்.

"ஆட்டக் கணக்குப் பேப்பர்லயே இருக்காம் சார். வெளியூர்ல ஆட்டத்துக்கு நாலரை அசிஸ்ட். இங்க ரெண்டு. கொடுக்கிற பாஸ் கூடையாகணும், அதானே அசிஸ்ட்? பாதிக்குப் பாதி யாருக்காவது விழுமா? பயந்தாதான் விழும்." ஒரு காளானை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தான். "இல்லேன்னா இங்க மேஜைல உட்கார்ந்து கணக்கு எழுதற ஆளு கஞ்சனா இருக்கணும். எங்க ஊர்ல அந்த ஆளு தாராளம் சார். பந்தை ஊதிவிட்டாலே அசிஸ்ட் போட்டுடுவாரு. இங்க யாரு அது?"

"நான்தான்," என்றார் லைல்.

கார்னெல் மெல்லுவதை நிறுத்தினான்.

அப்போதுதான் பின்கதவு திறந்தது. எமெட் தலைமுடியில் ஈரத்தோடு உள்ளே வந்தான். அம்மாவின் தோளைத் தட்டினான். காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினான்.

"எமெட் ஹக்கபி. அந்த நடுங்கற பையன்."

"ஐயோ, நீயா," என்றான் கார்னெல். "வாசல் தபால் பெட்டில பேரைப் பாத்தேன். ஆனா கோச் பேரே சொல்லலையே. மன்னிச்சுக்க ப்ரோ."

"பரவாயில்ல. சாப்பிடு. ஆறினா ரப்பராயிடும்." எமெட் தனக்கும் நாலு எடுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு, அப்பாவைப் பார்க்காமல், "லெட்டர் படிச்சேன்ப்பா. 'பெரிய பள்ளமல்ல.' நல்ல வரி," என்றான்.

"எமெட், அது வந்து..."

"உப்பைத் தள்ளு."

லைல் உப்பைத் தள்ளினார்.

இரண்டு பையன்களும் டெக்ஸஸ் வெயிலைப் பற்றியும், பஸ்ஸில் கால் நீட்ட முடியாததைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். லைலின் காதில் ஒன்றும் விழவில்லை. அவர் ஜனவரி மாதத்தில் இருந்தார்.

ஜனவரியில் ஒரு சொந்த ஊர் ஆட்டம். எமெட் ஓரக்கோட்டிலிருந்து மூன்று பேருக்கு நடுவே ஊசி கோக்கிற மாதிரி பந்தை நுழைத்தான். உயரமான பையன் வாங்கினான், ஒரே ஒரு தடவை தரையில் தட்டினான், கூடையில் போட்டான். அதை அசிஸ்ட் என்று சொல்லலாம். வாங்கியவன் தானாகத் தட்டிப் போட்டான் என்று தள்ளவும் செய்யலாம். மேஜையில் பார்த்துச் சொல்கிறவர் முடிவுதான் முடிவு, சொல்கிறவர் லைல். பக்கத்தில் கணினியில் பதிகிற டார்லா விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"லைல்?"

"இல்ல."

"நிஜமாவா?"

"இல்லைன்னா இல்ல, டார்லா."

வேறு எந்தப் பையன் கொடுத்திருந்தாலும் அவர் போட்டிருப்பார். அவருக்கே தெரியும். இருபத்திரண்டு வருடம் அந்த நாற்காலியில் அப்பழுக்கில்லாமல் உட்கார்ந்தவர். மேஜையில் இருப்பவர் எந்தப் பக்கத்துக்கும் கத்தக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, கைதட்டக் கூடாது. அதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மகன் அணியில் சேர்ந்ததும் நியாயம் இன்னும் கொஞ்சம் கூடியது. கூடி, கூடி, மறுபக்கம் சாய்ந்துவிட்டது. சந்தேகம் வந்தால், எமெட்டுக்கு இல்லை. சந்தேகம் வராவிட்டால், வரவழைத்துக்கொள்வார்.

வெளியூர்களில் எழுதியவர்களுக்கு எமெட் யாரென்றே தெரியாது. அவர்கள் கண்ணால் பார்த்ததைப் போட்டார்கள். நாலரை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பையன் சொந்த ஊரில் பயப்படுகிறான் என்று முடிவு கட்டியிருக்கிறார் கோச். அதையே ஊருக்குக் கடிதமாகவும் எழுதி அனுப்பியிருக்கிறார் லைல். தானே பறித்ததை, 'புள்ளிவிவரங்களே சொல்லும்' என்று.

தலை நிமிர்ந்தபோது எமெட்டின் நாற்காலி காலியாக இருந்தது.

"எங்க போனான்?"

"வெளில," என்றாள் நடீன். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக, "பையை எடுத்துட்டுப் போயிருக்கான், லைல்," என்றாள்.

கோச் ராங்கினுக்கு நாற்பத்தொரு வயது. அவருக்கும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது லைல்தான். இரண்டு வண்டிகளுக்கு நடுவே நிறுத்தத் தெரியாமல் மூன்று தடவை தோற்றவர். இரண்டரை மணிக்கு அவர் அறைக் கதவைத் தட்டிய லைல், உட்காரக்கூடச் செய்யாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

கோச் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "லைல், இன்னிக்கு என்ன தேதி?"

"தெரியும்."

"பேர் கொடுக்கக் கடைசி நாள். இன்னிக்கு வந்து, எம்பையன் கணக்கை நானே குறைச்சுட்டேன், அவன் பிரமாதமான ஆட்டக்காரன்னு சொல்றீங்க. வேற ஒரு அப்பா வந்து இதைச் சொன்னா நீங்க நம்புவீங்களா?"

"மாட்டேன்."

"காலைல நானூறு பேருக்கு வேற மாதிரி எழுதியிருக்கீங்க."

"அது தப்பான கடிதம்."

"எது சரியான கடிதம்?"

லைல் கோச்சின் கணினியைக் காட்டினார்.

"படம் இருக்கில்ல கோச்? எல்லா ஆட்டமும் பிடிச்சு வெச்சிருக்கீங்க. பாருங்களேன்."

"பாத்தேன். நான் படம் பாக்கறப்ப தப்பை மட்டும்தான் தேடுவேன். நல்லதுக்கு உங்க பேப்பர் இருக்கேன்னு விட்டுடுவேன்." இதைச் சொல்லிவிட்டுக் கோச் மேஜையில் கிடந்த கணக்குத் தாளைத் திருப்பிப் போட்டார். அவருக்கும் ஏதோ இடித்திருக்க வேண்டும். "இங்க நடந்த ஆட்டம் பதினாலு. திரும்பப் பாக்கறேன்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டுப் பாக்கலாம்."

"எமெட்டுக்கு இடம் உண்டா இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க. நான் ஓடிப்போய்ச் சொல்லிடறேன்."

"அக்டோபர்ல பயிற்சி ஆரம்பிச்சு பந்தைக் கீழ போட்டா தெரிஞ்சுடும்."

"இது ஏப்ரல், கோச்."

"அதான் சொல்றேன்."

இவனை நாலாவது தடவையும் பெயிலாக்கியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே லைல் படியிறங்கினார்.

அரங்கில் தேடினார். விளக்கு அணைந்திருந்தது. ஆட்ட மேஜையை மடித்துச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். அவருடைய நாற்காலி மற்ற நாற்காலிகளோடு அடுக்கில் கிடந்தது. எது அவருடையது என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை. நூலகம், ஐஸ்கிரீம் கடை, ஆற்றோரம் என்று மூன்று சுற்று வந்தார். போகிற வழியெல்லாம் ஊர்க்காரர்கள் கார் கண்ணாடியை இறக்கி, "போறானா?" என்று கேட்டார்கள். அவர் கையை ஒரு மாதிரி ஆட்டினார். ஆமாம் என்று நினைத்தவர்களுக்கு ஆமாம். இல்லை என்று நினைத்தவர்களுக்கு இல்லை. அவரும் இந்த ஊர்க்காரர்தானே.

நாலே காலுக்கு விளையாட்டு அலுவலகத்துக்கு எதிரே நடைபாதை விளிம்பில் எமெட் உட்கார்ந்திருந்தான். முழங்காலில் பை. பைக்கு மேல் அந்தத் தாள்.

லைல் வண்டியை நிறுத்தினார். எமெட் எழுந்து வந்து ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"தள்ளு. நான் ஓட்டறேன்."

லைல் நகர்ந்து, பிரேக் இருக்கிற பக்கம் உட்கார்ந்தார். கார் புறப்பட்டது. தேவாலயத்தைத் தாண்டி, தானியக் கிடங்கைத் தாண்டி, ஊர் எல்லைப் பலகை வரை போய்த் திரும்பிற்று. மரங்களெல்லாம் இலை வருவதற்கு முன்னால் ஊதாப் பூவாகப் பூத்து நின்றன. இரண்டாவது சுற்றில் தானியக் கிடங்கு வந்தபோது எமெட் சொன்னான்:

"முப்பத்தொண்ணு."

"என்ன?"

"நீ எனக்குப் போடாம விட்ட அசிஸ்ட். படம் பாத்து எண்ணினேன்."

"இருபத்தொன்பது," என்றார் லைல், யோசிக்காமல். "பிப்ரவரி ஆட்டத்துல ரெண்டு சந்தேகம். அதை யாருமே போட மாட்டாங்க."

எமெட் திரும்பி அவரைப் பார்த்தான்.

"ரோட்டைப் பாரு," என்று லைல் பிரேக்கை மிதித்தார்.

எமெட் சிரித்துவிட்டான். சிரிக்கக் கூடாது என்று பார்த்தும் முடியவில்லை. லைலுக்கும் வந்தது. கொஞ்ச தூரம் இரண்டு பேரும் அப்படியே போனார்கள். பிறகு சிரிப்புத் தானாக நின்றது.

"ஏம்ப்பா?"

"அப்பன் மேஜைல உட்கார்ந்துக்கிட்டு மகனுக்கு அள்ளிக் கொடுக்கறான்னு சொல்லிடுவாங்களோன்னு பயம்."

"யாரு?"

லைல் யோசித்தார். டயர் கடைக்காரரா? டார்லாவா? இரண்டு வருடத்தில் எவரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. டார்லா ஒரு தடவை எதிர்மாறாகத்தான் சொன்னாள்.

"யாரும் சொல்லல," என்றார். "நானே எனக்குச் சொல்லிக்கிட்டது. இன்னிக்குக் கோச்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா."

"தெரியும். போன் பண்ணாரு."

"என்ன சொன்னாரு?"

"அக்டோபர்ல பாக்கலாம்னாரு."

"அந்தாளுக்கு வண்டியும் நிறுத்தத் தெரியாது, பேச்சையும் ஒரு இடத்துல நிறுத்தத் தெரியாது. நீ என்ன முடிவு பண்ணின? கார்னெல் வரான்னா போறியா?"

"கார்னெல் வந்தா என்ன? நல்லா ஆடறான். காலைல அவன்கூட ரெண்டு மணி நேரம் ஆடினேன், அவன் யாருன்னு தெரிஞ்சுதான் ஆடினேன். எம்பேர்தான் அவனுக்குத் தெரியாது. பத்துக்கு ஆறு நான் ஜெயிச்சேன்."

"அப்ப அசிஸ்ட்டுக்காகப் போறியா?"

"இல்ல."

"லெட்டருக்காகவா?"

"லெட்டர் இன்னிக்குதானே வந்துச்சு. இது போன வாரமே கையெழுத்துப் போட்டது." எமெட் காரை மறுபடியும் அலுவலகத்துக்கு எதிரே கொண்டுவந்து, இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரே திருப்பில் நிறுத்தினான். நாலு நாற்பத்தொன்று.

"எமெட், காலைலேர்ந்து சுத்திக்கிட்டிருக்கேன். உங்கம்மா வெளிலங்கறா. கோச் அக்டோபருங்கறாரு. நீயாவது நேரா ஒரு பதில் சொல்லுடா. கெட்டதா இருந்தாலும் பரவாயில்ல."

எமெட் இரண்டு கையையும் சக்கரத்திலேயே வைத்திருந்தான், பத்து மணி, இரண்டு மணி இடங்களில், அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரியே.

"முத வருஷம், டிசம்பர்ல, கடைசி நொடில பாதி கோட்டுலேர்ந்து போட்டேனே. ஞாபகம் இருக்கா?"

"இருக்காதா?"

"ஊரே எழுந்து நின்னுச்சு. டயர் கடைக்காரர் அழுதுட்டாரு. அம்மா யாரோ தெரியாத ஆளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் நேரா உன்னைத்தான் பாத்தேன். நீ குனிஞ்சு தாளைப் பாத்துக்கிட்டிருந்த."

"மேஜைல கைதட்டக் கூடாதுடா. விதி அது. அன்னிக்கு நான் பென்சிலைக் கடிச்சு ரெண்டாக்கிட்டேன். டார்லாவைக் கேளு."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

லைல் சட்டைப் பையிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்தார்.

"வெளியூர்ல ஆடறப்ப நீ அங்க இல்லைன்னு எனக்குத் தெரியும். அதனால தேட மாட்டேன். இங்க ஒவ்வொரு தடவையும் தேடறேன். கோச் சொல்றதும் கொஞ்சம் நிஜம்தான்ப்பா. கை நடுங்கத்தான் செய்யுது. கூட்டத்தைப் பாத்து இல்ல."

எமெட் பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளின் மேல் வைத்தான்.

"நேரா கேட்டல்ல? சொல்றேன். அந்த நாற்காலில நீ இருந்தா நான் போறேன். கார்னெல் வந்தாலும் வராட்டியும், கோச் இடம் கொடுத்தாலும் கொடுக்காட்டியும் போறேன். நீ அதை விட்டுட்டு மேல அம்மா பக்கத்துல உட்கார்ந்து, எல்லா அப்பாவும் கத்தற மாதிரி கத்தி, கைதட்டினா, நான் இருக்கேன். பெஞ்சுல உட்கார வெச்சாக்கூட இருக்கேன். இவ்வளவுதான். தேதி போடறதா வேண்டாமான்னு நீ சொல்லு."

இருபத்திரண்டு வருட நாற்காலி. கடிகாரத்தில் மிச்சம் பதினாறு நிமிடம். எதிரே அலுவலகக் கதவில் யாரோ சாவிக்கொத்தோடு வந்து நின்று வெளியே பார்த்தார்கள்.

கார் எப்போதோ நின்றுவிட்டது. லைலின் கால் மட்டும் இன்னும் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.